பழைய லென்ஸில் கோளாறா? திருப்புளியை எடுப்பதற்கு முன்

ஐப்பசி அடைமழை வெறித்ததும் என் ஸ்டுடியோ மேசைக்கு லென்ஸ்கள் வர ஆரம்பிக்கும். மாயவரம், குத்தாலம், சீர்காழி, நன்னிலம் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் கொண்டு வருவார்கள். அப்பா காலத்துக் கேமராவைப் பரணிலிருந்து இறக்கிய பிள்ளைகளும் வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, லென்ஸ் போயிடுச்சு."

பெரும்பாலும் போயிருக்காது. ஃபில்டரில் புகை படிந்திருக்கும், அடாப்டர் (ஒரு வகை லென்ஸை வேறு வகைக் கேமராவில் மாட்ட உதவும் வளையம்) பொருந்தாததாக இருக்கும், பாடியின் (லென்ஸ் இல்லாத கேமரா) சென்சாரில் தூசு ஒட்டியிருக்கும். நிஜமாகவே கெட்டு வந்தவற்றில், பூசணம் கெடுத்ததைவிட அவசரப்பட்டுத் திறந்த கை கெடுத்ததுதான் அதிகம். 40 வருடம் உழைத்த லென்ஸ் ஒரே சாயங்காலத்தில் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் என் மேசையில் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதுகிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். செல்போன் டார்ச், தூசு ஊதும் ரப்பர் பந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதை

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுங்கள். அப்புறம் அதே லென்ஸை வேறு பாடியில் மாட்டிப் பாருங்கள், அதே பாடியில் வேறு லென்ஸையும் மாட்டிப் பாருங்கள். கோளாறு லென்ஸோடு கூடவே வருகிறதா, பாடியிலேயே தங்கிவிடுகிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது பாடி இல்லையென்றால் பக்கத்து ஸ்டுடியோவில் 5 நிமிடம் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது டார்ச். அப்பர்ச்சரை (மெல்லிய பிளேடுகள் மூடித் திறக்கும், வெளிச்சம் புகும் துளை) முழுக்கத் திறந்து வையுங்கள். பழைய எம்42 (திருகி மாட்டும் வகை) லென்ஸில் ஏ, எம் என்று சுவிட்ச் இருந்தால் எம் பக்கம் தள்ளுங்கள். இருட்டான அறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பிப் பிடித்து அதே மாதிரி இன்னொரு முறை. ஒரு எச்சரிக்கை: டார்ச் வெளிச்சத்தில் புது லென்ஸில்கூடப் பத்து இருபது தூசு தெரியும். அதைப் பார்த்துப் பயந்து லென்ஸைத் திறக்கக் கொடுத்தவர்கள் உண்டு. உள்ளே கிடக்கும் தூசு படத்தில் தெரியாது, அதை விட்டுவிடுங்கள்.

## படம் வெளிறி, பால் கலந்தது போல் இருக்கிறது

திடீரென்று வந்ததா? ஏசி காரிலிருந்தோ ஏசி மண்டபத்திலிருந்தோ வெளியே வந்த உடனே என்றால், அது குளிர்ந்த கண்ணாடியில் படிந்த ஆவி. துடைக்காதீர்கள், துடைத்தால் திரும்பப் படியும். வெளியே இறங்குவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, 20 முதல் 30 நிமிடம் கழித்து எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆவி உள்கண்ணாடிகளுக்கு நடுவில் நின்று, ஒரு மணி நேரம் ஆகியும் போகவில்லையென்றால், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள்.

வெளிச்சம் எதிரே இருந்தால் மட்டும் வெளிறுகிறதா? அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். பழைய சோவியத் லென்ஸான ஹீலியோஸ் 44-2 மாதிரி, கண்ணாடியில் ஒரே அடுக்குப் பூச்சு உள்ள லென்ஸ்கள் எதிர் வெளிச்சத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு ஹுட் மாட்டுங்கள், அல்லது கையால் வெயிலை மறைத்து எடுத்துப் பாருங்கள்.

எப்போதும் வெளிறுகிறதா? ஃபில்டரையும் முன்கண்ணாடியையும் பாருங்கள். கல்யாண வேலை செய்பவர்களுக்கு ஹோமப் புகைதான் முதல் எதிரி. நெய்யும் சமித்தும் எரிந்த புகை மெல்லிய எண்ணெய்ப் படலமாகக் கண்ணாடியில் ஒட்டும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால் தெரியும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி கடற்கரையில் வேலை செய்துவிட்டு வந்தால் உப்புத் திவலை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. முதலில் ரப்பர் பந்தால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு துணியில் ஒரு சொட்டு ஆல்கஹாலை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். சொட்டை நேராகக் கண்ணாடி மேல் விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். பின்கண்ணாடியை மறக்காதீர்கள். முன்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கத்தில் ஒரு கைரேகை படத்தையே மங்கலாக்கும்.

துடைத்தும் வெளிறல் போகவில்லையா? இனி டார்ச்சில் தெரிவதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

கண்ணாடியில் மூச்சு விட்டது போல் சீராக ஒரே மங்கலாக இருந்தால், கிரீஸின் எண்ணெய் ஆவியாகி உள்ளே படிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் காரிலும் பைக் பெட்டியிலும் கிடந்த லென்ஸ்களில் இதை அதிகம் பார்க்கிறேன். சீக்கிரம் கொடுத்தால் மெக்கானிக் துடைத்து எடுத்துவிடுவார். வருடக்கணக்கில் விட்டால் கறை கண்ணாடியிலேயே தங்கும்.

இழை இழையாக, வேர் ஓடினது போல் இருந்தால் பூசணம். அதற்குத் தனித் தலைப்பு கீழே.

ஓரத்திலிருந்து உள்நோக்கி வானவில் நிறம் பளபளத்தால், வாய்க்கால் தண்ணீரில் டீசல் மிதப்பது மாதிரி தெரிந்தால், ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகள் விலகுகின்றன. இதை வீட்டில் சரி செய்ய முடியாது. பிரித்து மறுபடி ஒட்டும் கூலி பெரும்பாலும் லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். ஓரத்தில் மட்டும் இருந்தால் அப்பர்ச்சரை ஒரு படி (ஸ்டாப்) மூடி எடுத்துப் பாருங்கள். படம் நன்றாக வந்தால் அப்படியே பயன்படுத்துங்கள்.

ஓர வளையத்தில் மட்டும் ஊசிமுனை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தால், அது கண்ணாடியின் பக்கவாட்டில் பூசிய கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகாது.

## இழை இழையாகப் பூசணம் தெரிகிறது

காவிரியும் கடலும் இரண்டு பக்கம் இருக்கும் ஊரில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்றின் ஈரம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் முளைக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை முழுக்க அப்படித்தான். கண்ணாடியில் ஒட்டிய கைரேகையும் தூசும் அதற்குச் சாப்பாடு.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிக்கண்ணாடியில் என்றால் நீங்களே எடுத்துவிடலாம். மருந்துக்கடையில் 6 சதவீதம் என்று கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் சம அளவு கலந்தால் 3 சதவீதம் ஆகும். அதைத் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். பூச்சு ஏற்கெனவே உரிந்து தெரிந்தால் இதைச் செய்யாதீர்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

உள்ளே, ஓரத்தில் நாலைந்து இழை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். எஃப் 8-இல் (எஃப் எண் கூடினால் அப்பர்ச்சர் துளை சிறுக்கும்) வெள்ளைச் சுவரை ஒரு படம், எதிர் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் உலர்ந்த பெட்டியில் வைத்து வளர்ச்சியை நிறுத்தினால் போதும். மாதம் ஒரு முறை டார்ச் அடித்து அந்த இடத்தைச் செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவில்லையென்றால் இன்னும் பத்து வருடம் ஓடும்.

உள்ளே, நடுவில் வலை பின்னியிருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும், அதுவும் சீக்கிரம். பூசணம் வெளியேற்றும் அமிலம் முதலில் பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். அரித்துவிட்டால் பூசணத்தை எடுத்த பின்னும் அதே வலை நிழலாகத் தெரியும். அதைச் சரி செய்ய வழியில்லை. சுத்தம் செய்து தந்த லென்ஸில் தடம் மிச்சமிருந்தால் உடனே மெக்கானிக் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் இதுதான் காரணம்.

"வெயிலில் வைத்தால் போகுமே?" என்று எல்லோரும் கேட்பார்கள். வெயில் வளர்ச்சியைத் தடுக்கலாம், படிந்த இழையை அழிக்காது. மேலும் சூட்டில் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் பிளேடுக்கு இறங்கும். ஒரு கோளாறுக்கு இரண்டாகிவிடும்.

திருவையாற்றுத் தம்பி ஒருவர் அவர் அப்பாவின் 50 மி.மீ. லென்ஸைக் கொண்டு வந்தார். உள்ளே ஓரத்தில் நாலு இழைதான் இருந்ததாம். யாரோ ஒருவர் மூக்குக் குறடால் வளையத்தைத் திருகித் திறந்து துடைத்துக் கொடுத்திருக்கிறார். வளையத்தின் காடி முழுக்கச் சிதைந்திருந்தது, முன்கண்ணாடியில் குறடு வழுக்கிய அரைவட்டக் கீறல், ஒரு கண்ணாடி தலைகீழாக மாட்டியிருந்தது. படம் எந்த இடத்திலும் தெளியவில்லை. கண்ணாடியைத் திருப்பி மாட்டியதும் தெளிவு வந்துவிட்டது, கீறல் மட்டும் அப்படியே நிற்கிறது. லென்ஸ் வளையத்தைத் திறக்க அதற்கென்று லென்ஸ் ஸ்பேனர் இருக்கிறது. கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்வார்கள். அது இரண்டும் இல்லாத கையில் லென்ஸைக் கொடுக்காதீர்கள்.

## சுத்தம் செய்த பின்னும் பூசணம் திரும்பி வருகிறது

கோளாறு இப்போது லென்ஸில் இல்லை, வைக்கும் இடத்தில் இருக்கிறது.

தோல் உறையில் வைத்திருக்கிறீர்களா? அதுதான் முதல் காரணம். அழகான பழைய தோல் உறை ஈரத்தைக் குடித்துக் கண்ணாடியிடம் கொடுக்கும். உறையை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், லென்ஸை அதற்குள் வைக்காதீர்கள்.

அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறீர்களா? நெல் விளையும் ஊர் என்பதால் இந்த யோசனை எல்லா வீட்டிலும் வருகிறது. அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது, அதன் மாவுத்தூசு ஃபோகஸ் வளையத்துக்குள் போகும், அந்த மாவே பூசணத்துக்குச் சோறு. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

நான் சொல்வது மலிவான வழி: ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரமானி 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே நாள்கணக்கில் போனால் கிரீஸ் உலரலாம் என்பார்கள், அப்போது ஜெல்லைக் கொஞ்சம் குறையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானாலும், ஆரஞ்சு ஜெல் பச்சையானாலும் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். 100 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

லென்ஸ்கள் பத்தைத் தாண்டினால் டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும், கரண்ட்டில் ஓடும் அலமாரி) வாங்குங்கள். ஆனால் கரண்ட்டை மட்டும் நம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கதவைத் திறக்காமல், உள்ளே ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் தாங்கும். அதற்காகவே இரண்டு பொட்டலம் எப்போதும் உலர்ந்த நிலையில் கைவசம் வைத்திருக்கிறேன்.

## படத்தில் கரும்புள்ளிகள்

இது லென்ஸ் இல்லை. எஃப் 16-இல் வானத்தை எடுங்கள், பிறகு வேறு லென்ஸ் மாட்டி அதே மாதிரி எடுங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் சென்சார் தூசு. தை, மாசியில் சம்பா அறுவடை மிஷின் ஓடும் வயலோரம் லென்ஸ் மாற்றினால் அன்றைக்கே வரும். ரப்பர் பந்தால் ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் சென்சாரைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## ஃபோகஸ் வளையம் இறுகிக் கிடக்கிறது, அல்லது லொடலொடவென்று ஆடுகிறது

இறுகல். மார்கழி விடியலில் மட்டும் இறுகி, பத்து மணிக்கு இளகினால் பழைய கிரீஸ் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது. கைச்சூட்டில் பிடித்து, இரண்டு முனைக்கும் இருபது முப்பது தடவை மெதுவாகத் திருப்புங்கள். பல லென்ஸ் இதிலேயே இளகும். எப்போதும் இறுகலாக இருந்தால் கிரீஸை மாற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. உள்ளே இருக்கும் திருகுமரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. கழற்றும்போது எந்த இடத்தில் விலகியது என்று குறிக்காமல் எடுத்துவிட்டால், திரும்ப மாட்டும்போது தூரத்து ஃபோகஸ் தொலைந்துபோகும்.

தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு விடும் ஸ்ப்ரே எதையும் வளையத்தின் இடுக்கில் விடாதீர்கள். ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி சுழலும். அப்புறம் அந்த எண்ணெய் பிளேடுக்கும் கண்ணாடிக்கும் போய்ச் சேரும்.

ஒரு இடத்தில் மட்டும் முட்டி நின்றால் கிரீஸ் காரணம் இல்லை. முன்வளையம் விழுந்து நசுங்கியிருக்கிறதா, மணல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். கரகர சத்தம் கேட்டால் திருப்புவதை உடனே நிறுத்துங்கள். மணலோடு திருப்பினால் மரை தேய்ந்துவிடும்.

ஆட்டம். லென்ஸ் முழுதாக ஆடுகிறதா, வளையம் மட்டும் ஆடுகிறதா? முழுதாக ஆடினால் மவுண்ட் (பாடியில் மாட்டும் வளையம்) திருகாணிகள் தளர்ந்திருக்கலாம். இதை நீங்களே முறுக்கலாம், ஆனால் ஜப்பானிய லென்ஸ்களில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) வகைத் தலை. சாதாரண ஸ்டார் திருப்புளியை வைத்தால் வழுக்கித் தலை மழுங்கும். ஜே.ஐ.எஸ். முனை வாங்கி, ஒன்றைவிட்டு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். வளையம் மட்டும் ஆடினால், பல லென்ஸ்களில் மேல் ரப்பர் பட்டைக்குக் கீழே திருகாணிகள் இருக்கும். அங்கிருந்து மெக்கானிக் பார்க்கட்டும்.

## கிட்டே தெளிகிறது, தூரம் தெளியவில்லை

பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்டுபவர்கள் அதிகம் கேட்பது இது. சந்தேகம் முதலில் அடாப்டர் மேல்தான் போக வேண்டும்.

எம்42 லென்ஸை நிக்கான் எஸ்.எல்.ஆரில் (உள்ளே சாய்வான ஆடி உள்ள கேமரா) மாட்டியிருந்தால், திருத்தும் லென்ஸ் கண்ணாடி இல்லாத வெறும் வளைய அடாப்டரில் தூரம் தெளியவே தெளியாது. எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே வேண்டிய தூரம் 45.46 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. இதே லென்ஸ் கேனான் இ.எஃப். பாடியில் நன்றாக வேலை செய்யும், அங்கே 44 மி.மீ.தான். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் பாடி எதிலும் சரியான அடாப்டர் போட்டால் பிரச்சினை இல்லை.

அடாப்டர் பொருத்தமானதுதான் என்றால் ராத்திரி மொட்டை மாடிக்குப் போங்கள். நிலாவையோ தொலைவில் இருக்கும் செல்போன் டவரின் சிவப்பு விளக்கையோ லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடிக் காட்சி) பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் முனைக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பே தெளிந்தால் கவலையில்லை, பல அடாப்டர்கள் அப்படித்தான் மெல்லியதாக இருக்கும். முனைக்குப் போயும் தெளியாவிட்டால் வேறு அடாப்டர் கடன் வாங்கிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால், யாரோ லென்ஸைத் திறந்து மரையைத் தப்பாகக் கோத்திருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "கிரீஸ் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள், "தூரம் சரி பண்ணிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு வேலை.

## ஒரு பக்கம் மட்டும் மங்கல்

செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். இப்போது கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். இரண்டிலும் தாளின் அதே பகுதி மங்கினால் கேமரா சுவருக்கு நேராக இல்லை. தாளின் எதிர்ப்பக்கத்துக்கு மங்கல் மாறினால் கோளாறு லென்ஸிலோ அடாப்டரிலோ இருக்கிறது. அடாப்டரையும் மவுண்ட் திருகாணியையும் பார்த்து முடித்த பின் மீதியிருப்பது, விழுந்ததில் உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருப்பது. இதைச் சரி செய்யச் சோதனைக் கருவி வேண்டும். மலிவான லென்ஸ் என்றால் செலவு செய்யாதீர்கள்.

## ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை, அல்லது தவறுகிறது

அசையவே இல்லை. ஏ.எஃப்., எம்.எஃப். (ஆட்டோ ஃபோகஸ், கையால் ஃபோகஸ்) சுவிட்சைப் பாருங்கள். பையில் போடும்போது நகர்ந்துவிடும். நிக்கான் ஏ.எஃப்-டி லென்ஸாக இருந்தால் அதற்குள் மோட்டார் கிடையாது. டி3100, டி5600 மாதிரி பாடிகளிலும் மோட்டார் கிடையாது. இரண்டும் நல்ல நிலையில் இருந்தாலும் சேர்ந்தால் ஓடாது, கையால் ஃபோகஸ் செய்யலாம். அடுத்து மவுண்ட்டில் இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்த்தால் மேல் முலாம் போகும். பிறகும் அசையாமல் உள்ளே கிறீச் சத்தம் மட்டும் வந்தால் மோட்டாரோ பல்சக்கரமோ போயிருக்கிறது.

அசைகிறது, ஆனால் கண்ணுக்குப் பதில் காது தெளிகிறது. எஸ்.எல்.ஆரில் முதலில் வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், பிறகு லைவ் வியூவில் ஒரு படம். லைவ் வியூவில் தெளிந்தால் லென்ஸின் கண்ணாடி நன்றாக இருக்கிறது, பாடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். உயர்நிலைப் பாடிகளில் மெனுவிலேயே திருத்தலாம். இல்லையென்றால் பாடியையும் லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். லென்ஸை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான் நடக்கும்.

## அப்பர்ச்சர் மூடவில்லை, படம் வெளுத்துப் போகிறது

ஹீலியோஸ் 44-2 வைத்திருப்பவர்கள் முதலில் படிக்க: அதில் இரண்டு வளையம் உண்டு. ஒன்று டிக் டிக்கென்று நிற்கும், அது எல்லையை மட்டும் வைக்கும். இன்னொன்று தடையில்லாமல் சுழலும், அதுதான் பிளேடுகளைத் திறந்து மூடும். "டிக் சத்தம் வருது, பிளேடு அசையலை" என்று கொண்டு வந்தவர்கள் ரொம்பப் பேர். லென்ஸில் ஒன்றுமே இல்லை.

மற்ற எம்42 லென்ஸ்களில் பின்னால் ஒரு ஊசி இருக்கும். அடாப்டர் அதை அழுத்தாவிட்டால் பிளேடு திறந்தபடியே நிற்கும். எம் பக்கம் சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஊசியை அழுத்தும் விளிம்பு வைத்த அடாப்டர் வாங்குங்கள்.

நிக்கானில் திரையில் எஃப்-ஈ-ஈ என்று மினுக்கினால் அப்பர்ச்சர் வளையத்தை மிகச் சின்ன துளைக்குத் திருப்பிப் பூட்டுங்கள், சரியாகிவிடும்.

இவை எதுவும் இல்லையா? ஒரே வெளிச்சத்தில், ஏ மோடில் (துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைக்கும்), எஃப் 2.8, 5.6, 11, 16 என்று நாலு படம் எடுங்கள். நாலும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். எண் கூடக் கூடப் படம் வெளுத்தால் பிளேடு நேரத்துக்கு மூடவில்லை, எண்ணெய் இறங்கியிருக்கிறது. லென்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் நெம்பியை விரலால் தட்டிப் பாருங்கள். பிளேடு கண்ணிமைக்கும் வேகத்தில் திரும்ப வேண்டும், சோம்பலாக ஊர்ந்தால் எண்ணெய்தான். இது மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், ஆனால் பழகிய கைக்குக் கடினமான வேலை இல்லை. கையால் பிளேடைத் திருப்பும் ஹீலியோஸ் மாதிரி லென்ஸில் எண்ணெய் பளபளப்பு தெரிந்தாலும் படம் கெடாது, விட்டுவிடலாம்.

கேனான் பாடியில் எர் 01 என்று பிழைச் செய்தி வந்தால் மின்புள்ளிகளைத் துடைத்துப் பாருங்கள். முழுத் துளையில் படம் விழுந்து, மூடினால் மட்டும் எர் வந்தால் அப்பர்ச்சர் யூனிட்டோ அதற்குப் போகும் ஒயர்ப் பட்டையோ காரணம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## கண்ணாடி மஞ்சளாகிவிட்டது

லென்ஸை வெள்ளைத் தாள் மேல் வைத்து அதன் வழியாகப் பாருங்கள். டீத்தண்ணி நிறம் தெரிந்தால், தோரியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். சூப்பர்-டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதில் பேர் போனது. டிஜிட்டலில் ஒயிட் பேலன்ஸ் நிறத்தைச் சரிக்கட்டிவிடும், கொஞ்சம் வெளிச்சம் மட்டும் குறையும். அது போதுமென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நிறம் போக வேண்டுமென்றால் புற ஊதா எல்.இ.டி. விளக்குக்குக் கீழே, பின்பக்கம் மேலே பார்க்கும்படி சில நாட்கள் வையுங்கள். வெயிலிலும் தெளியும், ஆனால் கிரீஸ் சூடாகும், லென்ஸ் வழியாகக் குவியும் வெயிலில் கீழே இருப்பது பற்றிக்கொள்ளும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காலை வெயிலில், அடியில் அலுமினியத் தாள் போட்டு, பக்கத்தில் நீங்கள் இருந்து வையுங்கள். தோரியத்தில் கதிர்வீச்சு உண்டு. மாட்டிப் படம் எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதும் உடைப்பதும் மட்டும் கூடாது.

## மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்புவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். இதே மாடலைத் திறந்திருக்கிறாரா? வேலை முடிந்ததும் தூரத்து ஃபோகஸைச் சரிபார்ப்பாரா? திறந்த பிறகு கூலி கூடுமென்றால், செய்வதற்கு முன் சொல்வாரா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அனுப்புங்கள். கூலி, அதே லென்ஸின் செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்பா வைத்திருந்தது, தாத்தா வாங்கியது என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.

## லென்ஸ் தண்ணீரில் விழுந்துவிட்டது

படித்துறையில் நின்று எடுக்கும்போது நடப்பது. உடனே கழற்றுங்கள், பாடியில் பேட்டரியை எடுத்துவிடுங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள். வளையங்களைத் திருப்பாதீர்கள், திருப்பினால் தண்ணீர் இன்னும் உள்ளே இழுக்கும். வெளியே துடைத்து, பின்மூடியைத் திறந்து, பின்பக்கம் கீழே பார்க்க வைத்து வடிய விடுங்கள். அப்புறம் சிலிக்கா ஜெல் டப்பா.

ஆற்றுத் தண்ணீர், முழுக்க மெக்கானிக்கல் லென்ஸ் என்றால் ஒரு வாரத்துக்குள் மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் பிழைக்கும். உள்ளே மோட்டாரும் சர்க்யூட்டும் இருந்தால் மறுநாளே கொடுக்க வேண்டும். கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே. உப்பு காய்வதற்கு முன் அவர் கையில் போய்ச் சேர வேண்டும், எந்தத் தண்ணீரில் விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.